பொந்து தேடும் பறவைகளும் மனைமுற்றத்துக் கூடுகளும்

பெரும்பாலான பறவைகளுக்குக் கூடு என்பது வாழும் வீடு அன்று. முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வளர்க்கும் தொட்டிலேயாம். ஆண்டின் மற்றைக் காலமெல்லாம் கிளையிலும் வேலியிலும் துயில்கொள்ளும் பறவை, இனம் பெருக்கும் சில வாரங்களுக்கு மாத்திரமே கூட்டை நாடுகின்றது. அச் சில வாரங்களில் அதற்குத் தக்க இடம் வாய்க்காதாயின், உணவும் நீரும் எத்துணை மலிந்திருப்பினும் அவ்வினம் அவ்விடத்திற் பெருகமாட்டாது. ஓர் ஊரிற் பறவைகள் அருகிப்போவதற்குக் காரணம் தேடுவோர் இவ்வுண்மையைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். வேட்டை, நஞ்சு, வறட்சி என்பனவற்றை எண்ணுவர், இடமின்மையை எண்ணார்.

கூடமைக்கும் முறையாற் பறவைகள் பலதிறப்படும். தூக்கணாங்குருவி பனையோலை நுனியிற் புல்லாற் கூடு பின்னித் தொங்கவிடுகின்றது. தையற்சிட்டு இலைகளை நாராற் பிணைத்துத் தைக்கின்றது. காகம் சுள்ளிகளை அடுக்குகின்றது. இவையெல்லாம் தம் முயற்சியால் வேண்டியவிடத்துக் கூடு செய்துகொள்ள வல்லன. பொந்திற் கூடு கொள்ளும் பறவைகளின் நிலை வேறு. அவற்றுள்ளும் இருவகையுண்டு. மரங்கொத்தியும் குக்குறுவானும் தம் அலகினால் மரத்தைக் குடைந்து பொந்து செய்வன. கிளி, பனங்காடை, மைனா, குண்டுகரிச்சான், சிட்டுக்குருவி என்பனவோ பிற உயிர் குடைந்து கைவிட்ட பொந்தையோ, இயற்கையாக உக்கிய துவாரத்தையோ, மனிதன் கட்டிய சுவரின் இடுக்கையோ தேடிச் செல்வன. முன்னையவற்றைப் பொந்து செய்வன என்றும், பின்னையவற்றைப் பொந்து தேடுவன என்றும் வழங்கலாம். பொந்து தேடும் பறவை பிறர் உழைப்பையும் பிறர் தயவையும் நம்பி வாழ்வது. ஆதலால், உலகில் எங்கே மனிதர் தம் மரங்களையும் வீடுகளையும் வேலிகளையும் மாற்றியமைக்கின்றனரோ, அங்கே முதலில் இன்னலுறுவதும் அதுவே.

அமெரிக்க நீலப்பறவையின் கதை

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு வட அமெரிக்காவின் நீலப்பறவையாகும். முதுகு நீலமும் மார்பு செம்மையுங் கொண்ட அச் சிறு பறவை மரப்பொந்துகளிலும், பண்ணை வேலிகளின் உக்கிய மரத்தூண்களிலும் கூடமைத்து வாழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அதன் தொகை பெரிதும் வீழ்ந்தது. காரணங்கள் இரண்டு. முதலாவது, பட்டமரங்கள் வெட்டப்பட்டமையும், மரத்தூண் நின்றவிடத்தில் இரும்புத்தூண் நடப்பட்டமையும். இரண்டாவது, ஐரோப்பாவிலிருந்து கொணரப்பட்ட இரு பறவைகளின் போட்டி. 1851ஆம் ஆண்டு தொடங்கி நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிற் சிட்டுக்குருவிகள் விடப்பட்டன. மரங்களை அழித்த புழுக்களை அவை உண்ணும் என்பது விட்டவர்களின் எண்ணம். 1890ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் அதே நகரின் நடுப்பூங்காவில் ஸ்ரார்லிங் என்னும் பறவை விடப்பட்டது. இவ்விரண்டும் பொந்து தேடுவனவே. எஞ்சியிருந்த பொந்துகளை இவை கைப்பற்றின, நீலப்பறவை புறந்தள்ளப்பட்டது.

1934ஆம் ஆண்டில் இலினோய் மாநிலத்தின் குவின்சி நகரைச் சேர்ந்த மசெல்மன் என்பார், கிராம வீதிகளின் ஓரத்து வேலித்தூண்களில் வரிசையாக மரப்பெட்டிகளைப் பொருத்தத் தொடங்கினார். பெட்டியின் வாயில் ஒன்றரை அங்குல விட்டமுடையதாயின் நீலப்பறவை நுழையும். அதனினும் பருத்த ஸ்ரார்லிங் நுழையமாட்டாது. இவ்வெளிய கணக்கே அம் முயற்சிக்கு அடிப்படையாயிற்று. 1978ஆம் ஆண்டில் லோரன்ஸ் செலெனி என்பார் வட அமெரிக்க நீலப்பறவைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆசிரியரும் மாணவரும் உழவரும் ஓய்வுபெற்றோரும் பெட்டி செய்து தூக்கி, கிழமைதோறும் சென்று பார்த்து, முட்டையும் குஞ்சும் எண்ணிக் குறிப்பெழுதினர். அதன் பயனாக நீலப்பறவை மீண்டும் பெருகலாயிற்று. அரசாணையாலும் பெருஞ்செல்வத்தாலும் அன்றி, பல்லாயிரம் வீட்டாரின் சிறு முயற்சியால் ஓரினம் மீட்கப்பட்டதென்பது இதன் சிறப்பு.

இவ் வரலாற்றிற் கவனிக்கத்தக்க முரண் ஒன்றுண்டு. அமெரிக்காவில் நீலப்பறவையின் முட்டையை உடைத்துக் குஞ்சைக் கொல்லும் பகையென இகழப்படும் அதே சிட்டுக்குருவி, தன் தாயகமாகிய இங்கிலாந்திலும், தென்னாசிய நகரங்களிலும் இடமின்றித் தவிக்கும் பறவையாக மாறியுள்ளது. ஆகவே, ஓர் உயிர் நன்மையுடையதோ தீமையுடையதோ என்பது அவ்வுயிரில் மாத்திரம் தங்கியதன்று. அது எவ்விடத்தில் எம்முறையில் வந்து சேர்ந்ததென்பதிலும் தங்கியுள்ளது. இங்கு சிட்டுக்குருவி அந்நியமன்று. தொன்றுதொட்டு மனிதரோடு ஒட்டி வாழ்ந்துவரும் உறவாகும்.

பனையும் பறவையும்

தென்மராட்சியின் கிழக்குப் பாகத்தில், கண்டி வீதியும் பருத்தித்துறை வீதியும் கூடும் சந்தியை நடுவாகக்கொண்ட ஊர் கொடிகாமம். தென்னையும் பனையும் மாவும் பலாவும் செறிந்த மணற்பாங்கான நிலம் அது. இந்நிலத்திற் பொந்து தேடும் பறவைகளுக்கு முதற்பெரும் புகலிடம் பனையேயாகும். பனையின் அடிமரத்தில் வைரம் வெளிப்புறத்திலும், மென்மையான சோற்றி உட்புறத்திலும் அமைந்துள்ளன. மரம் பட்டு வட்டு விழுந்தபின், மழைநீர் உட்புகுந்து சோற்றி உக்குகின்றது. வைரமோ பல ஆண்டுகள் குழாய்போல நிமிர்ந்து நிற்கின்றது. மா, பலா முதலிய மரங்களில் தற்செயலாகத் தோன்றும் பொந்து, பட்ட பனையில் இயல்பாகவே அமைந்துவிடுகின்றது.

மரங்கொத்தி இவ்வொழுங்கின் முதற்றொழிலாளியாகும். இலங்கையின் தென்பாகத்தில் வாழும் மரங்கொத்தியின் முதுகு செந்நிறமானது. வடபாகத்து மரங்கொத்தியின் முதுகு பொன்னிறமானது. இவ்வடபுல வகைக்குப் பறவையியலார் இட்ட இலத்தீன் பெயரில் யாழ்ப்பாணத்தின் பெயரே பொறிக்கப்பட்டுள்ளது. அது குடைந்து கைவிட்ட பொந்தில் அடுத்த ஆண்டு மைனாவோ கிளியோ குடிபுகும். பனையுச்சியின் திறந்த குழியிற் பனங்காடை முட்டையிடும். இருக்கும்போது மங்கிய பழுப்பு நிறமாகத் தோன்றும் பனங்காடை, சிறகு விரித்தவுடன் வானீலமும் ஆழ்நீலமும் மாறிமாறி ஒளிரும் வனப்பினது. இந்நிலத்து நீலப்பறவை எதுவென வினவுவார்க்கு இதனையே காட்டலாம். வெட்டுக்கிளி, வண்டு, ஈசல் என்பன இதன் உணவாதலால் வயலுக்கு இது நற்றுணையுமாகும்.

2000ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் ஆனையிறவு வீழ்ந்தபின் தென்மராட்சி போர்க்களமாயிற்று. மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் பிறவிடங்களுக்கும் இடம்பெயர்ந்தனர். 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் பலர் மீண்டுவந்தபோது கூரையற்ற சுவர்களையும் தலையற்ற பனைகளையுமே கண்டனர். எழுதுமட்டுவாள், முகமாலைப் பக்கங்களிற் போர்முனை 2009ஆம் ஆண்டுவரை நீடித்தது. காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்ட பனைகள் எண்ணிறந்தன. எறிகணையால் வட்டிழந்து மொட்டையாய் நின்றனவும் பல. மனிதர்க்கு அழிவாக வந்தது, பொந்து தேடும் பறவைகளுக்குச் சிலகாலம் இடமாக வாய்த்தது. மொட்டைப் பனைகளிற் கிளியும் மைனாவும் பனங்காடையும் குடிகொண்டன. இடிந்த சுவரின் துளைகளிற் கரிச்சான் முட்டையிட்டது.

ஆயினும் அவ்விடம் நிலையானதன்று. வட்டிழந்த பனை மீண்டும் தளிர்க்கமாட்டாது. உக்கியுக்கி அடுத்த வாடைக்காற்றிலோ சோளகத்திலோ ஒவ்வொன்றாக வீழும். இடிந்த சுவர்கள் அகற்றப்பட்டு, அவ்விடங்களில் துளையற்ற புதிய சுவர்கள் எழுந்துள்ளன. 2014ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதம் மீண்டும் ஓடியது. கடைகளும் வீடுகளும் பெருகின. இவையெல்லாம் மகிழ்தற்குரியன என்பதில் ஐயமில்லை. எனினும், முன்னிருந்த பனை இல்லை. போர் தந்த பொந்தும் போய்க்கொண்டிருக்கின்றது. புதிய வீடு இடமளிக்கவில்லை. இம்மூன்றும் ஒருங்கு சேர்ந்த காலமே இக்காலம்.

அடைக்கலக்குருவி

சிட்டுக்குருவிக்கு அடைக்கலக்குருவி என்றும் ஒரு பெயருண்டு. மனிதரிடம் அடைக்கலம் புகுந்தது என்பது அப்பெயரின் பொருளாகக் கொள்ளப்படுகின்றது. இவ்வுறவு தமிழர்க்குப் புதியதன்று. முற்றத்தில் உலரும் தானியத்தைத் தின்று வீட்டிறப்பிலே குஞ்சுகளோடு தங்கும் குருவியையும், சூல்கொண்ட பெடைக்கு ஈனில் அமைக்கும் பொருட்டுக் கரும்பின் பூவைக் கோதியெடுக்கும் ஆண்குருவியையும் குறுந்தொகைப் புலவர்கள் கண்டு பாடியுள்ளனர்.

பழைய யாழ்ப்பாணத்து வீடு இக்குருவிக்கென்றே கட்டப்பட்டதுபோல் அமைந்திருந்தது. கிடுகாலோ பனையோலையாலோ வேய்ந்த கூரை, பனைவளை, சிலாகை, தாழ்வாரம், கூரைக்கும் சுவருக்கும் இடையில் விடப்பட்ட வெளி என்பன பற்பல இடுக்குகளைக் கொண்டிருந்தன. ஓட்டுவீட்டிலும் ஓட்டின் கீழ் இடமிருந்தது. முற்றத்தில் நெல் காய்ந்தது. பெண்கள் சுளகிற் புடைத்த நொய்யும் குறுநெல்லும் நிலத்திற் சிந்தின. சந்தைக் கடைகளிற் சாக்குகளிலிருந்து தானியம் சிதறியது. கிளுவையும் பூவரசுமான கதியால் வேலியிற் புழுபூச்சி மலிந்திருந்தது. இன்றோ கொங்கிறீற்றுத் தட்டும், அடைத்துப் பூசிய சுவரும், உட்கூரைப் பலகையும் இடுக்கை ஒழித்தன. அரிசி பொதியில் வருகின்றது. வேலி மதிலாயிற்று. அமெரிக்காவில் மரத்தூண் இரும்புத்தூணாக மாறிய கதையே இங்கு வேலி மதிலான கதையுமாம்.

இது உலகப் பொதுவான நிலை. இங்கிலாந்திற் சிட்டுக்குருவியின் தொகை 1970களில் இருந்ததிற் பாதிக்கும் கீழாகக் குறைந்தமையால், 2002ஆம் ஆண்டில் அது அந்நாட்டின் சிவப்புப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. இந்தியாவிலிருந்து எழுந்த முயற்சியால் 2010ஆம் ஆண்டு தொடக்கம் பங்குனி 20ஆம் நாள் உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகின்றது. 2012ஆம் ஆண்டில் தில்லி அரசு இதனைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்தது. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடளவில் இக்குருவியின் தொகை பெரிதும் மாறவில்லை என்றும், பெருநகரங்களிலேயே குறைந்துள்ளதென்றும் காட்டியது. கைத்தொலைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சே இதற்குக் காரணமெனப் பலர் கூறுவர். அக்கூற்று போதிய சான்றால் நிறுவப்படவில்லை. கூடமைக்க இடமின்மையும், குஞ்சுக்கு ஊட்டப் பூச்சியின்மையும், சிந்திய தானியமின்மையும் கண்முன் உள்ள காரணங்களாதலின், அவற்றை விடுத்துக் காணாத காரணத்தைத் தேடுதல் வேண்டியதில்லை. மேலும், கண்முன் உள்ள காரணத்தை வீட்டார் தம் கையாலேயே நீக்கவுங் கூடும்.

கூடு அமைக்கும் முறை

இலங்கையின் பல பாகங்களிலும் துளையிட்ட மண்முட்டியைத் தாழ்வாரத்திற் கட்டித் தொங்கவிட்டுச் சிட்டுக்குருவிக்கு இடமளிக்கும் வழக்கம் உண்டு. மிக எளிதும் மலிவுமான முறை இதுவே. முட்டியின் வாயை மரமூடியால் அடைத்து, பக்கத்தில் ஒன்றேகால் அங்குலத் துளையிட்டு, அடியில் நீர் வடியச் சிறு துளைகள் வைத்துக் கம்பியாற் கட்டினாற் போதும். மண்பாண்டம் வெப்பத்தை விரைவிற் கடத்தாமையால் வெயிற்காலத்துக்கும் ஏற்றது.

மரப்பெட்டி செய்வோர் முக்கால் அங்குலத் தடிப்புள்ள பூவரசம்பலகையையோ மாம்பலகையையோ வேப்பம்பலகையையோ கொள்ளலாம். அடித்தளம் உள்ளளவு ஐந்து அல்லது ஆறு அங்குலச் சதுரமும், உயரம் ஒன்பது அங்குலமும் இருத்தல் வேண்டும். வாயில் அடித்தளத்திலிருந்து ஏறக்குறைய ஆறு அங்குல உயரத்தில், ஒன்றேகால் அங்குல விட்டமாக அமைக. இவ்வளவில் மைனா நுழையமாட்டாது. காகத்தின் அலகும் குஞ்சை எட்டாது. மேற்பலகை முன்னே இரண்டு மூன்று அங்குலம் நீண்டு வாயிலுக்கு நிழலாக வேண்டும். அடியில் நான்கு சிறு துளைகள் நீர் வடிதற்கும், கூரையை ஒட்டிய இரண்டு துளைகள் காற்றோட்டத்துக்கும் இன்றியமையாதன. ஒரு பக்கப் பலகையைப் பிணைச்சலாற் பொருத்தினாற் பின்னர்த் துப்புரவு செய்தல் எளிதாகும். உட்புறத்தை இழைத்து மினுக்கலாகாது; குஞ்சு பற்றியேறுதற்குச் சொரசொரப்பு வேண்டும். வர்ணமும் மெழுகெண்ணெயும் உள்ளே பூசலாகாது. வாயிலின் முன் பறவை இருப்பதற்கெனக் கோல் பொருத்துவது பலரும் செய்யும் பிழை. பொந்துறை பறவைக்கு அக்கோல் வேண்டியதில்லை. அது காகத்துக்கும் அணிலுக்குமே பயன்படும். தகரப் பெட்டி வெயிலில் அடுப்பாகிக் குஞ்சைக் கொல்லுமாதலால் முற்றாக விலக்கத்தக்கது.

பெட்டியை எட்டு அல்லது பத்தடி உயரத்தில், இறப்பின் கீழோ நிழலான சுவரிலோ பொருத்துக. இக்குடாநாட்டிற் குருவி பெரிதும் கூடு நாடும் மாதங்கள் கடும் வெயிலை ஒட்டியவையாதலால், பிற்பகல் வெயில் படும் மேற்குமுகம் ஆகாது; கிழக்கு அல்லது வடக்கு முகம் நன்று. சிட்டுக்குருவி கூட்டமாய் வாழ்வதாதலால் ஒரே சுவரிற் சில அடி இடைவெளியிற் பல பெட்டிகளைத் தூக்கலாம். தை மாதத்திலேயே தூக்கிவிட்டால், பறவைகள் அதனைப் பார்த்துப் பழகிக்கொள்ளக் காலம் கிடைக்கும். முதலாண்டிற் குருவி வராதாயின் மனம் தளரவேண்டுவதில்லை. இடத்தைச் சற்று மாற்றி அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

குண்டுகரிச்சானுக்கு அமைப்பு சிறிது வேறுபடும். வாயில் இரண்டு அங்குலம் இருத்தல் வேண்டும். அன்றி, முன்பலகையின் மேற்பாதியைத் திறந்துவிடலாம். அது தன் எல்லையைப் பிறிதொரு சோடிக்கு விட்டுக்கொடாது. ஆதலின் ஒரு வளவுக்கு ஒரு பெட்டியே போதும். செடிகொடி மறைந்த அமைதியான மூலை அதற்கு விருப்பமானது. பனங்காடைக்கு உக்கிய பனங்குற்றியை உட்குடைந்து, மேலும் கீழும் அடைத்து, இரண்டரை அங்குல வாயிலிட்டு, உயரமான மரத்திற் கட்டிப் பார்க்கலாம். இதன் இனத்தைச் சேர்ந்த ஐரோப்பியப் பனங்காடை பொந்தின்றி அருகிய ஸ்பெயின், ஹங்கேரி முதலிய நாடுகளில், மரங்களிலும் தூண்களிலும் பொருத்திய பெட்டிகளை அது விரும்பி ஏற்று மீண்டும் பெருகியமை கண்ட உண்மையாகும்.

நோக்கும் முறை

கூட்டைத் தூக்குதல் பாதி வேலை. நோக்கிக் குறித்தல் மறுபாதி. பதினைந்து இருபது அடி தூரத்தில் அசையாதிருந்து நோக்குவார்க்கு, கூட்டினைத் திறவாமலே உள்ளே நிகழ்வன பெரும்பாலும் புலப்படும். முதலில் ஆண்குருவி வாயிலில் இருந்து இடைவிடாது ஒலித்துப் பெடையை அழைக்கும். பின்னர் வைக்கோல், தும்பு, கோழியிறகு என்பவற்றை இரண்டும் கொண்டுசெல்லும். அதன்பின் ஆரவாரம் அடங்கும். மூன்று முதல் ஐந்து முட்டைகள் இடப்பட்டு, ஏறக்குறைய பன்னிரண்டு நாட்கள் அடைகாக்கப்படும். மீண்டும் போக்குவரவு மிகுந்து, அலகிற் புழுவும் பூச்சியுமாக இரு பறவையும் விரையுமாயின், குஞ்சு பொரித்ததென அறியலாம். திரும்பும்போது வெண்ணிறச் சிறு பை ஒன்றை அலகில் ஏந்திச் செல்வதும் காணப்படும். அது குஞ்சின் எச்சம். கூட்டைத் துப்புரவாக வைத்தற்குப் பறவை கொண்ட வழி அது. ஏறக்குறைய இரு வாரங்களிற் குஞ்சுகள் பறந்து வெளியேறும்.

குண்டுகரிச்சானிற் பெடையே தனித்து அடைகாக்கும். சேவல் பனையுச்சியிலிருந்தோ வீட்டு முகட்டிலிருந்தோ விடியுமுன் தொடங்கி இன்னிசை பாடி எல்லையைக் காக்கும். பனங்காடையிற் காலம் நீண்டது: அடைகாத்தல் பதினேழு முதற் பத்தொன்பது நாட்கள், குஞ்சு பறத்தற்கு மேலும் ஏறக்குறைய ஒரு மாதம். இவ்வேறுபாடுகளை நேரிற் கண்டு நாட்குறிப்பில் எழுதும் மாணவன், பாடநூலின் ஒரு பக்கத்திற் படிப்பதிலும் மிகுதியாக ஒரு பருவத்திற் கற்பான்.

சில விதிகள் கடைப்பிடிக்கப்படல் வேண்டும். கூடு கட்டும் நாட்களிலும் முட்டையிடும் நாட்களிலும் பெட்டியைத் தொடலாகாது. பறவை அஞ்சிக் கைவிட்டுவிடும். குஞ்சுகள் பன்னிரண்டு நாள் வளர்ந்தபின் திறந்தால், பறக்கும் ஆற்றல் பெறுமுன் அவை வெளியே பாய்ந்துவிடும். இறகு முளையாத குஞ்சு நிலத்தில் வீழ்ந்து கிடப்பின் மெல்ல எடுத்துக் கூட்டில் வைக்கலாம். மனிதர் கைபட்ட குஞ்சைத் தாய் ஏற்காது என்பது தவறான நம்பிக்கை. இறகு முளைத்துத் தத்தித் திரியும் குஞ்சையோ அவ்விடத்திலேயே விட்டு, வீட்டுப் பூனையைக் கட்டிவைத்தல் போதும். தாய் தேடிவந்து ஊட்டும். குஞ்சுகள் பறந்து பருவம் முடிந்தபின் பழைய கூட்டை அகற்றி, பெட்டியை வெயிலிற் காயவிட்டு, மீண்டும் தூக்குதல் முறை.

பகையும் உணவும்

பூனை, காகம், அணில், பாம்பு, எறும்பு என்பன கூட்டின் பகைகள். தென்னையில் எலியும் அணிலும் ஏறாதபடி தகரம் அடிக்கும் வழக்கம் இவ்வூரார்க்கு நன்கு தெரிந்ததே. அதே தகரப் பட்டையைப் பெட்டி தாங்கும் மரத்திலும் தூணிலும் சுற்றியடித்தால், ஏறிவரும் பகையெல்லாம் தடைப்படும். தொங்கும் முட்டியின் கம்பியிற் கிறீசு தடவினால் எறும்பு அணுகாது.

இவற்றினும் பெரிய பகை கண்ணுக்குத் தெரியாதது. சிட்டுக்குருவி தானியம் தின்னும் பறவையெனினும், அதன் குஞ்சு முதல் நாட்களிற் புழுபூச்சியையே உண்டு வளரும். தோட்டத்தில் அளவின்றி மருந்தடிக்கும் இடத்திற் கூடு எத்தனை தூக்கினும் குஞ்சு நிலைக்காது. ஆதலாற் பெட்டியோடு வேலியையும் எண்ணுதல் வேண்டும். மதில் கட்டியோரும் அதன் உட்புறத்தில் ஒரு பூவரசையோ, செவ்வரத்தை வரிசையையோ வளர்க்கலாம்; வளவின் ஒரு மூலையை மருந்தின்றி விடலாம். பங்குனி சித்திரை மாதங்களிற் கேணியும் குளமும் வற்றும்போது ஒரு மண்சட்டியில் நாள்தோறும் நீர் வைத்தல் பெட்டியினும் பெரிய உதவியாகும். வீட்டுக்கும் பாதைக்கும் இடையூறின்றி நிற்கும் மொட்டைப் பனையை, விழுங்காலம் வரை நிற்கவிடுதல் எல்லாவற்றினும் சிறந்தது. மனிதன் செய்யும் பெட்டி, மரங்கொத்தி செய்யும் பொந்துக்கு ஒருகாலும் ஈடாகாது. இல்லாதவிடத்துக்கு அது ஒரு பதிலி மாத்திரமே.

ஓரூரார் ஒன்றுபட்டால் எத்துணை செய்யலாம் என்பதற்குத் தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தக்குடி சான்று. 2020ஆம் ஆண்டில் அவ்வூரின் வீதிவிளக்குகளை இயக்கும் மின்பெட்டியினுள்ளே கரிச்சான் இனத்துப் பறவையொன்று கூடமைத்து முட்டையிட்டது. விளக்கைப் போடச் செல்வோரின் கை கூட்டைக் கலைத்துவிடும் என்பதை உணர்ந்த ஊரார், குஞ்சுகள் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேலாக வீதிவிளக்கின்றி இருளில் நடந்தனர். அங்கு நூலறிவோ பெருநிதியோ தேவைப்படவில்லை. ஒரு சிற்றுயிரின் தேவை இன்னதென அறிந்தமையும், அதற்காகச் சிறிது இடர் பொறுத்தமையுமே தேவைப்பட்டன.

பாடசாலைகளும் இத்துறையில் நன்கு பணிபுரியலாம். மரவேலைப் பாடத்திற் செய்யும் ஒரு பெட்டி, விஞ்ஞானப் பாடத்தில் எழுதும் ஒரு குறிப்பேடு, மொழிப்பாடத்தில் வரையும் ஒரு கட்டுரை என மூன்றும் ஒரு கூட்டினின்று பிறக்கும். பெட்டி தூக்கிய நாள், முதற்பறவை வந்த நாள், முட்டை, குஞ்சு, பறந்தவை, இறந்தவை என்பன ஆண்டுதோறும் எழுதப்பட்டு ஒரே இடத்திற் சேர்த்து வைக்கப்படின், பத்தாண்டுகளில் அது அவ்வூருக்கேயுரிய அறிவுச் செல்வமாகும். கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1976ஆம் ஆண்டில் தோன்றிய இலங்கைக் களப்பறவையியற் குழு முதலிய அமைப்புகளுக்கும் அத்தகைய குறிப்புகள் பயன்தருவனவாம்.

புரட்டாதிச் சனியிற் காகத்துக்குச் சோறு வைத்த பின்பே உண்ணும் வழக்கமுடையது இச்சமூகம். உணவிடுதல் அறமெனின், இடமளித்தலும் அறமேயாகும். அடைக்கலம் என்னும் சொல்லின் பொருளை நூலிற் கற்றறிந்தவர்கள் பலர். தென்மராட்சி மக்களோ அதனை வாழ்விற் கற்றவர்கள். பிறர் தாழ்வாரத்திற் பாயை விரித்து, இவ்விரவு இங்கே தங்கலாம் என்னும் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தோர் இன்றும் இவ்வூரில் உளர். அவர்கள் மீண்டும் எழுப்பிய வீட்டின் இறப்பிலே ஒரு மண்முட்டி தொங்குமாயின், அதன் சிறு வாயிலில் ஒரு குருவி வந்திருந்து உள்ளே எட்டிப்பார்க்குமாயின், அவ்வீடு நிறைவுற்றதெனக் கொள்ளலாம்.